நல்ல சீட்டு, கெட்ட நாற்காலி

டிஸ்கியை முதல்லயே போட்டுடறேன். காசு வச்சு ஆடுங்கன்னு யாரையும் கூப்பிட நான் இதை எழுதலை. நான் குப்பை கொட்டிக்கிட்டிருக்கிற அகமதாபாத்ல, போக்கர் சூதாட்டம்தான்னு 2017-லயே குஜராத் உயர் நீதிமன்றம் சொல்லிடுச்சு. 2025 ஆகஸ்ட்ல நாடாளுமன்றம் நிறைவேத்தின இணைய விளையாட்டுச் சட்டம் அதுக்கும் ஒரு படி மேல போச்சு. திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடுற இணைய ஆட்டம் எதுவுமே கூடாதுன்னுடுச்சு. அந்தப் பணத்தைக் கைமாத்தி விடக்கூடாதுன்னு எங்க பேங்க்காரங்களுக்கும் சேர்த்தே கடிவாளம். அதனால எங்க காலனி ஆட்டத்துல புளியங்கொட்டைதான் செலாவணி. ஆளுக்கு 100 கொட்டை. கொட்டை தீர்ந்தவர் எழுந்து போய் எல்லாருக்கும் டீ போடணும். :-)

சரி, விஷயத்துக்கு வர்றேன். நோ-லிமிட் போக்கர்ல ஆளைக் கவுக்கறது மோசமான சீட்டு இல்லை, நல்ல சீட்டை மோசமான இடத்துல உட்கார்ந்து ஆடறதுதான். இதுதான் என் கட்சி. 7-ம் 2-ம் வந்தா எல்லாரும் கீழ போட்டுட்டுப் போயிடறோம். அதுல யாரும் சொத்தை இழக்கறதில்லை. ஏஸும் ராணியும் வருது பாருங்க, அங்கதான் வம்பு. "இவ்ளோ நல்ல சீட்டை எப்படிங்க கீழ போடறது?" அந்தக் கேள்வியிலதான் கொட்டை முழுக்கப் போகுது.

நம்ம ஆளுங்க பெரும்பாலும் ரம்மில வளர்ந்தவங்க. ரம்மில உங்களுக்கு முன்னாடி உட்கார்ந்தவர் எதைக் கழிக்கிறார்ங்கறது முக்கியம். அதுக்கு மேல இடத்துக்குப் பெரிய மரியாதை கிடையாது. இந்த ஊர்க்காரங்க மூணு சீட்டுல வளர்ந்தவங்க. கோகுலாஷ்டமியை ஒட்டி இங்க 'சாத்தம்-ஆட்டம்'னு (பேர்லயே ஆட்டம் இருக்கு பாருங்க) வீட்டுக்கு வீடு சீட்டு பறக்கும். அதுலயும் பேச்செல்லாம் கையில வந்த சீட்டைப் பத்திதான். அதனால ரெண்டு தரப்பும் போக்கருக்கு வரும்போது ஒரே நினைப்போட வருது: கை நல்லா இருந்தா போதும், எந்த மூலையில உட்கார்ந்தா என்ன?

தெரியாதவங்களுக்குச் சுருக்கமா. இங்க நான் சொல்றது ஹோல்டெம் ஆட்டம். ஆளுக்கு ரெண்டு சீட்டு மறைவா. அப்புறம் மேசை நடுவுல பொதுவா மூணு சீட்டு (ஃப்ளாப்), அடுத்து ஒண்ணு (டர்ன்), கடைசியா ஒண்ணு (ரிவர்). மொத்தம் நாலு சுத்து பந்தயம். டீலர் அடையாளமா ஒரு வில்லை இருக்கும், அதுக்குப் பேர் பட்டன். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அது ஒரு ஆள் நகரும். பட்டனுக்கு இடது பக்கம் இருக்கிற ரெண்டு பேர் சீட்டைப் பாக்கறதுக்கு முன்னாடியே கட்டாயமாக் கொஞ்சம் போடணும். அவங்கதான் சின்ன பிளைண்ட், பெரிய பிளைண்ட். அவங்களுக்கு அடுத்தவர்தான் முதல் சுத்துல முதல்ல வாய் திறக்கணும். ஃப்ளாப்புக்கு அப்புறம் வர்ற மூணு சுத்துலயும், ஆட்டத்துல இருந்தா, கடைசியாப் பேசறவர் பட்டன்காரர்தான். முதல்ல பேசறவருக்கு எதுவும் தெரியாது. கடைசியாப் பேசறவருக்கு எல்லாரும் என்ன செஞ்சாங்கன்னு தெரியும். 'பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து'ன்னு நம்மாளு சும்மாவா சொல்லி வச்சான்!

இப்ப கொஞ்சம் கணக்கு. பி.காம் படிச்சவன்கிட்ட மாட்டிக்கிட்டீங்க, வேற வழியில்லை.

9 பேர் மேசை. உங்க கையில ஏஸ்-ராணி. உங்களை அமுக்கி வைக்கக்கூடிய கைகள் எது? ரெண்டு ஏஸ், ரெண்டு ராஜா, ரெண்டு ராணி, அப்புறம் ஏஸ்-ராஜா. உங்க ரெண்டு சீட்டைக் கழிச்சா மிச்சம் 50. அதுல ரெண்டு ரெண்டா 1225 ஜோடி சேரும். அமுக்கற ஜோடிகள் 3, 6, 3, 12, ஆக மொத்தம் 24. ஒரு ஆளுக்கு 2 சதவீதத்துக்கும் கொஞ்சம் கம்மி. நீங்க முதல் ஆளாப் பேசினா உங்களுக்குப் பின்னாடி 8 பேர் இருக்காங்க. அவங்கள்ல யாராவது ஒருத்தர்கிட்ட அது இருக்க வாய்ப்பு சுமார் 15 சதவீதம். எல்லாரும் ஒதுங்கி உங்க முறை பட்டன்ல வந்தா மிச்சம் ரெண்டு பேர்தான், வாய்ப்பு சுமார் 4 சதவீதம். அச்சு அசலா அதே ரெண்டு சீட்டு. நாற்காலி மாறினதும் ஆபத்து கிட்டத்தட்ட நாலு மடங்கு ஏறிடுச்சு.

"15 சதவீதம் தானே, பரவாயில்லையே"ன்னு தோணும். அங்க ஒரு பிடி இருக்கு. முதல் ஆளா உட்கார்ந்து நீங்க ஏத்திவிட்டா, சாதாரணக் கைக்காரங்க கழண்டுக்குவாங்க. நின்னு கூட வர்றவங்க நல்ல கைக்காரங்க. அதாவது உங்களோட மோதப்போற ஆளுங்களுக்குள்ள அந்த 15 இன்னும் எகிறும். ஏஸ்-ராஜாகிட்ட ஏஸ்-ராணி மாட்டினா நாலு தடவைக்கு ஒரு தடவைதான் தப்பிக்கும்.

இது ஃப்ளாப்புக்கு முன்னாடி நடக்கற கதை. நிஜமான செலவு அதுக்கப்புறம்தான். ஒரு ஆட்டத்தை எடுத்துக்குவோம். பிளைண்ட் 1, 2 கொட்டை. நீங்க முதல் ஆள், ஆர்ட்டின் ஏஸ், கிளாவர் ராணி. 6 போடறீங்க. பட்டன்காரர் மட்டும் கூட வர்றார். நடுவுல 15 கொட்டை. ஃப்ளாப்ல இஸ்பேட் ராணி, இஸ்பேட் 9, டைமன் 4. அடடா, ராணி ஜோடி, கூடவே ஏஸ்! 10 போடறீங்க. அவர் அசராமக் கூட வர்றார். நடுவுல 35. டர்ன்ல இஸ்பேட் 10.

இப்ப முதல்ல பேசவேண்டியது நீங்க. என்ன செய்வீங்க? 25 போட்டா, அவர் மேல ஏத்தினா என்ன பண்றது? சும்மா இருந்தா, அவர் 25 போட்டா என்ன பண்றது? அவர்கிட்ட ரெண்டு இஸ்பேட் இருக்கலாம். ராஜா-ஜாக்கி இருந்தா வரிசை சேர்ந்தாச்சு. ராஜா-ராணி இருந்தா நீங்க ஜெயிக்கறீங்க. வெறும் இஸ்பேட் ஏஸை வச்சுக்கிட்டு மிரட்டவும் செய்யலாம். நீங்க சும்மா இருந்து அவரோட 25-க்குக் கூட வந்துட்டீங்கன்னு வைங்க. நடுவுல 85. உங்க கையில மிச்சம் 59. ரிவர்லயும் முதல்ல பேசறது நீங்களேதான். 85 நடுவுல கிடக்கும்போது 59-ஐக் காப்பாத்திக்கிட்டு எழுந்து போற மனசு எத்தனை பேருக்கு வரும்? ஒத்தை ஜோடியை வச்சுக்கிட்டு 100 கொட்டையும் உள்ள போயிடும்.

அதே சீட்டு, அதே ஃப்ளாப், ஆனா நீங்க பட்டன்ல, எதிராளி பெரிய பிளைண்ட்ல. டர்ன்ல இஸ்பேட் விழுந்ததும் அவர் சும்மா இருக்கார். நீங்களும் சும்மா இருந்துடலாம், ரிவர் சீட்டு இலவசம். ரிவர்ல அவர் ஏதாவது போட்டா ஒரே ஒரு தடவை யோசிச்சு, அளவு சரின்னா கூடப் போகலாம். தோத்தாலும் பாதிக்கு மேல கொட்டை மிச்சம். சும்மாவே விட்டார்னா நீங்களே கொஞ்சம் போட்டு வசூல் பண்ணலாம். ஆட்டத்தோட கடிகாரம் உங்க கையில.

லிமிட் ஆட்டத்துல இந்த வலி இவ்வளவு தெரியாது, ஏன்னா பந்தயம் கட்டி வச்ச அளவைத் தாண்டாது. நோ-லிமிட்ல அது கூட்டு வட்டி. நடுவுல 10 இருக்கும்போது ஒருத்தர் 10 போட்டு இன்னொருத்தர் கூட வந்தா 30. திரும்ப அதே மாதிரின்னா 90. மூணாவது சுத்துல 270. பத்துல ஆரம்பிச்சது, மூணே சுத்துல ஆளுக்கு 130 உள்ள போயிருக்கும். முதல் சுத்துல செஞ்ச சின்னத் தவறு கடைசி சுத்துல அசலையே முழுங்குது. கிரெடிட் கார்டு பாக்கியை வசூல் பண்றவங்களைக் கேளுங்க, இதே வரைபடத்தைப் போட்டுக் காட்டுவாங்க.

இடத்தோட மதிப்புக்கு எனக்குத் தெரிஞ்ச அழகான சாட்சி ஒரு நார்வே நாட்டுப் பொண்ணு. அன்னெட் ஒப்ரெஸ்டாட். 2007-ல 180 பேர் ஆடின ஒரு சின்ன இணையப் போட்டியில, தன் சீட்டைப் பாக்காமலே ஆடி ஜெயிச்சாங்க. ஒரே ஒரு தடவைதான் எட்டிப் பாத்தாங்களாம். உட்கார்ந்த இடத்தையும் எதிராளி நடத்தையையும் மட்டும் வச்சே ஓட்டியிருக்காங்க. அதே வருஷம் செப்டம்பர்ல, 19 வயசு ஆகறதுக்கு ஒரு நாள் முன்னாடி, லண்டன்ல நடந்த முதல் ஐரோப்பிய உலகத் தொடரோட முக்கியப் போட்டியையும் ஜெயிச்சாங்க. பரிசு 10 லட்சம் பவுண்டு. (அதுல சீட்டைப் பாத்துதான் ஆடினாங்க!) சீட்டு இல்லாமலும் இடம் ஓரளவு சோறு போடும். இடம் இல்லாத சீட்டு அப்படி இல்லை.

எங்க காலனி நண்பர் ஒருத்தர் உடனே சண்டைக்கு வருவார். "அப்ப ரெண்டு ஏஸ் வந்தாலும் முதல் ஆள்னா ஸ்கூட் விடணுமா சார்?" இல்லவே இல்லை. ரெண்டு ஏஸ் 221 ஆட்டத்துக்கு ஒரு தடவைதான் வரும், அதைக் கீழ போடறது பாவம். ஆனா அதையும் ஆடற முறை இருக்கு. ஒரே ஒரு எதிராளிகிட்ட, அவர் கையில எதுவா இருந்தாலும், ரெண்டு ஏஸ் நூத்துக்கு 85 தடவை ஜெயிக்கும். நாலு எதிராளின்னா அது 56-க்கு இறங்கிடும். அதனால 'தந்திரமா' அமுக்கமா உள்ள வந்து எல்லாரையும் கூட்டி வச்சுக்காதீங்க, ஏத்துங்க, கூட்டத்தைக் கலைங்க. 2019-ல கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் ஃபேஸ்புக்கும் சேர்ந்து செஞ்ச ப்ளூரிபஸ்ங்கற கணினி ஆறு பேர் மேசையில பெரிய பெரிய ஆளுங்களையே தோற்கடிச்சுது. சின்ன பிளைண்டைத் தவிர வேற எந்த இடத்துலயும் ஏத்தாம வெறுமனே நுழையறது லாபமில்லைன்னு அதுவும் தானா ஆடிப் பாத்தே கண்டுபிடிச்சுது.

நேர்மையா இன்னொண்ணும் சொல்லணும். போன சுத்துல ஏத்தின ஆள் பின்னாடி உட்கார்ந்திருக்கும்போது, முன்னாடி இருக்கறவர் முந்திக்கிட்டுப் பந்தயம் போடறது கத்துக்குட்டித்தனம்னு ரொம்ப நாளா சொல்லிட்டு இருந்தாங்க. அதே கணினி அதை மனுஷ நிபுணர்களைவிட அதிகமா செஞ்சுது. ஆக, முன்னாடி உட்கார்ந்தவன் கையாலாகாதவன்னு அர்த்தமில்லை. ஆனா அந்தக் கணினி எத்தனை தடவைக்கு எத்தனை தடவை செய்யறதுன்னு அளந்து செய்யும். நானும் நீங்களும் அடுத்த டீ எப்ப வரும்னு யோசிச்சுக்கிட்டு ஆடறவங்க.

இன்னொரு விதிவிலக்கு. கையில பெரிய பிளைண்டைப் போல பத்து மடங்குதான் மிச்சம்னா இடத்தோட மதிப்பு சுருங்கிடும். மொத்தத்தையும் முதல் சுத்துலயே தள்ளிட்டா, அப்புறம் முடிவெடுக்க என்ன இருக்கு? இதுல இருந்துதான் என் சூத்திரம் கிடைக்குது. பின்னாடி எவ்வளவு மிச்சம் இருக்கோ அவ்வளவுக்கு இடம் முக்கியம். அதனால கெட்ட இடத்துல நல்ல கை வந்தா ரெண்டே வழி. ஒண்ணு, முன்கூட்டியே பெரிசா உள்ள போட்டு பின்னாடி எடுக்கவேண்டிய முடிவுகளைக் குறைங்க. இல்லைன்னா நடுவுல சேர்றதைச் சின்னதா வச்சுக்குங்க. நடுவாந்திரமா, 'பாத்துக்கலாம்'னு கூடப் போறதுதான் ஆளைக் கொல்லும்.

நடைமுறையில நான் பின்பத்தறது இதுதான்:

1. 9 பேர் மேசையில முதல் ரெண்டு இடத்துல, ஒரே இனம் இல்லாத ஏஸ்-ஜாக்கி, ஏஸ்-10, ராஜா-ராணி எல்லாம் ஸ்கூட். பாக்க லட்சணமா இருக்கும், குடும்பத்துக்கு ஆகாது.

2. நுழையறதா இருந்தா ஏத்தி நுழையணும்.

3. பிளைண்ட்ல உட்கார்ந்து ஏஸ்-ராஜாவோ, ராணி ஜோடிக்கு மேலயோ வந்து, முன்னாடி ஒருத்தர் ஏத்தியிருந்தா, திருப்பி ஏத்தணும். நல்ல இடத்துல மூணு மடங்குன்னா இங்க நாலு மடங்கு. வசதியான நாற்காலிக்கு அவர் கொஞ்சம் கூடுதலா வாடகை கட்டட்டும்.

4. சின்ன பிளைண்ட்ல ராஜா-ஜாக்கி மாதிரி இருந்தா, "ஏற்கனவே பாதி போட்டுட்டேனே"ன்னு கூடப் போகக்கூடாது. போட்டது போச்சு. வராக்கடனைக் காப்பாத்தப் புதுக் கடன் கொடுக்கற கதை அது. பெரிய பிளைண்ட் வேற, அங்க பாக்கி கட்டவேண்டியது கம்மி, கடைசியாப் பேசி சுத்தை முடிச்சு வைக்கறதும் நீங்க. கொஞ்சம் தாராளமா இருக்கலாம்.

5. ஜாக்கி ஜோடி வந்தா, ஃப்ளாப்ல அதைவிடப் பெரிய சீட்டு ஒண்ணாவது விழ வாய்ப்பு 57 சதவீதம். ராணி ஜோடிக்கு 41. ராஜா ஜோடிக்கு ஏஸ் விழ 23. இதை மனசுல வச்சுக்கிட்டா, விழும்போது அதிர்ச்சி வராது. அதிர்ச்சியிலதான் கை நீளும்.

இதெல்லாம் புளியங்கொட்டைக்கு எதுக்குன்னு கேக்கலாம். இணையச் சட்டம் வர்றதுக்கு முன்னாடி, தனிநபர் கடன் கேட்டு ஒரு இளைஞர் வந்தார். ஆள் அடையாளம் எதுவும் சொல்லப்போறதில்லை. நல்ல படிப்பு, நல்ல வேலை. கணக்கு அறிக்கையைப் புரட்டினா, சம்பளம் வந்த அன்னிக்கே துண்டு துண்டா ஒரு ஆட்ட நிறுவனத்துக்குப் போயிருக்கு. கேட்டதுக்கு அவர் சொன்னது, "சார், நான் சூதாடலை. நல்ல கார்டு வந்தா மட்டும்தான் ஆடுவேன். நல்ல கார்டு வச்சுதான் தோத்தேன்."

அவர் பொய் சொல்லலைன்னுதான் நினைக்கறேன். அதுதான் இதுல பயங்கரம். கண்ட சீட்டையும் ஆடறவனுக்குத் தான் தப்பு பண்றது தெரியும், ஒரு நாள் நிறுத்துவான். நல்ல சீட்டை மட்டும் ஆடறவன் தன்னைக் கட்டுப்பாடானவன்னு நம்பறான். தோத்தா 'அதிர்ஷ்டம் சரியில்லை'ன்னு அடுத்த நல்ல சீட்டுக்குக் காத்திருக்கான். எந்த இடத்துல உட்கார்ந்து தோத்தேன்னு ஒரு தடவை கூட எழுதிப் பாக்கறதில்லை. சட்டம் ஆட்டத்தை நிறுத்தும். அந்த நம்பிக்கையைச் சட்டம் நிறுத்தாது. அது பங்குச் சந்தை எஃப் அண்ட் ஓ பக்கம் போகும், நண்பனோட வியாபாரத்துல பங்குன்னு போகும். எங்க போனாலும், "என் சரக்கு நல்ல சரக்கு, அது போதும்"ங்கற அதே நினைப்பு.

வெளியூர்ல பொழைக்கற நம்மள மாதிரி ஆளுங்களுக்கு இது இன்னும் பொருந்தும். மாற்றல்ல புது மாநிலத்துக்கு மேனேஜரா வர்றவரைப் பாருங்க. 20 வருஷ அனுபவம், தேர்வெல்லாம் பாஸ், கை பிரமாதம். ஆனா மேசையில அவர்தான் முதல் ஆள். எந்த வியாபாரி எவருக்கு மச்சான், எந்தக் கிடங்குல சரக்கு நிஜம், எதுல வெறும் சாக்கு, எல்லாம் எதிர்ல இருக்கறவருக்குத் தெரியும், இவருக்குத் தெரியாது. பாஷையும் பாதிதான் புரியும். இந்த நிலைமையில முதல் மூணு மாசத்துல பெரிய கடனைப் போட்டுத் தன் திறமையைக் காட்டணும்னு துடிக்கறவங்களுக்கு நான் சொல்றது ஒண்ணுதான்: உங்க கை மேல சந்தேகமே இல்லை சார், நாற்காலியைப் பாருங்க. சின்னதா ஆடுங்க. கேளுங்க, கவனிங்க, டீ குடிங்க.

போக்கர்ல எனக்குப் பிடிச்ச நியாயம் இதுதான்: பட்டன் யாருக்கும் சொந்தமில்லை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு ஆள் நகரும். 9 பேர் இருந்தா ஒன்பதாவது ஆட்டத்துக்குள்ள அது உங்ககிட்ட வந்தே தீரும். அதுவரைக்கும் ஒரு ஏஸ்-ஜாக்கியைக் கீழ போட்டதால யாரும் ஏழையாகிட மாட்டாங்க. நல்ல இடம் வரும்போது கையில கொட்டை மிச்சம் இருக்கணும், அவ்வளவுதான்.